தோண்டக் கூடாத ஊரில் இருபத்து நாலு கன்றுகள்

மைசூர் ராஜ்யத்துக்குள் நான் முதன்முதலாக நுழைந்தபோது என் மடியில் ஒரு புங்கங்கன்று இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் மடியில் ஒரு வேம்பு. ஜன்னலோரத்துச் செட்டியார் மடியில் ஒரு சரக்கொன்றை. மீதி இருபத்தொன்றும் அந்த ரயில் பெட்டியில் இருந்த மற்றவர்களின் மடியிலும் காலடியிலும் பயணம் செய்தன.

சாமான் வண்டியில் ஏற்ற ரயில் கார்டு சம்மதிக்கவில்லை. உயிருள்ளதை அங்கே ஏற்றக் கூடாதாம். “இது செடிதானே?” என்றேன். “செடிக்கு உயிர் இல்லையா?” என்று திருப்பிக் கேட்டார். இல்லை என்று சொன்னால் என் பிழைப்பே பொய்யாகிவிடும். நான் சென்னையில் ஒரு நாற்றுத் தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டர்.

நூற்றாண்டு திரும்பிய புதிது அது. கோலார் தங்கவயலில் கொள்ளைநோய் வந்துபோன பிறகு, நெருக்கமான குடிசைகளிலிருந்து ஜனங்களை வெளியே கொண்டுவர, கோடு கிழித்தாற்போல் நேரான தெருக்களோடு ராபர்ட்சன்பேட்டை என்று ஒரு புது ஊரை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் பார்க் வேண்டும் என்று மனுப் போட்டிருந்தார்கள். கன்றுகளைக் கொண்டுபோய் நட்டு, நட்டாயிற்று என்று அங்குள்ள துரையிடம் கையெழுத்து வாங்கி வருவது என் வேலை. “கையெழுத்து இல்லாமல் இந்தப் பக்கம் வராதே” என்று முதலாளி சொல்லியிருந்தார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

விடிந்து கண் விழித்தபோது வேப்பங்கன்றில் ஒரு கிளையைக் காணோம். எதிரே பெரியவர் நிதானமாகப் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

“இது பார்க்குக்குப் போகிற கன்று, ஐயா.”

“ராத்திரி பூரா மடியில வெச்சிக்கினு வந்தனே, அதுக்கு ஒரு குச்சி கூடவா கிடையாது?” என்றார்.

ரயிலடியில் எத்திராஜ் மேஸ்திரி மாட்டுவண்டியோடு நின்றிருந்தார். மனுவில் முதல் கையெழுத்து அவருடையது. நாற்பது வயதிருக்கும். சுரங்கத்தின் அடியில் பாறை சரியாமல் மரக்கட்டைகளை முட்டுக் கொடுக்கும் வேலை. வட ஆற்காட்டுக்காரர், அப்பா காலத்திலேயே இங்கே வந்துவிட்டார்கள்.

“வாங்க ரைட்டரய்யா! கொய்ந்தைங்கள்லாம் சௌக்கியமா?” என்று கத்தினார். கன்றுகளைத்தான் கேட்டார். கோபத்தில் கத்துகிறாரோ என்று பயந்தேன். தங்கக் கல்லை இரவு பகலாக இடித்து மாவாக்கும் ஸ்டாம்பு மில்லின் சத்தத்தில் அந்த ஊரில் எல்லோருமே கத்தித்தான் பேசுகிறார்கள். ரகசியத்தைக்கூடக் காதருகே வந்து கத்துகிறார்கள்.

கன்றுகளை வண்டியில் ஏற்றி நூறு அடி போயிருப்போம். பின்னால் கட்டியிருந்த மாற்று மாடு இரண்டு கொன்றைகளின் தலையைத் தின்றுவிட்டது. உடனே எல்லாவற்றையும் இறக்கினோம். ஷிஃப்ட் முடிந்து வந்துகொண்டிருந்தவர்களை மேஸ்திரி கைதட்டிக் கூப்பிட, ஆளுக்கொரு கன்றைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். வரிசையைப் பார்த்து ஏதோ சாமி புறப்பாடு என்று நினைத்து ஒருவர் மேளத்தோடு சேர்ந்துகொண்டார். கடைத்தெரு மூலையில் ஒரு அம்மாள் ஆரத்தியே எடுத்துவிட்டாள். ஆரத்தி எடுத்த பிறகு, “எந்தச் சாமி?” என்று கேட்டாள்.

“பார்க்கு சாமி” என்றார் மேஸ்திரி.

பார்க்குக்கு வந்து சேர்ந்தோம். பொட்டல். நாலு மூலையில் நாலு கல். தெற்குப் பக்கம் கப்பலில் வந்த பெரிய இரும்புக் கதவு ஒன்று பூட்டியபடி தனியாக நின்றது. சுற்றி வேலி இல்லை, சுவர் இல்லை. ஜனங்கள் கதவருகே வந்ததும் மரியாதையாகச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

“இதுக்குள்ள போகலாமா?” என்றேன்.

“பார்க்கறதுக்குத்தானே பார்க்கு? உள்ள இன்னாத்துக்குப் போவணும்?” என்றாள் கதவுக்கு எதிரே சாப்பாட்டுக்கடை வைத்திருந்த முனியம்மாள். ஆரத்தி எடுத்தவளும் அவளேதான். கனத்த உடம்பு, கனத்த குரல். புருஷன் சுரங்கத்திலேயே செத்துப்போனவன் என்று மேஸ்திரி நடக்கும்போதே சொல்லியிருந்தார்.

மத்தியானம் அவள் கடையில்தான் சாப்பாடு. இலையில் தேங்காய் அளவுக்கு ஒரு ராகிக் களி உருண்டையும் கருவாட்டுக் குழம்பும் வைத்தாள். நான் பிட்டு வாயில் போட்டு மென்றேன். மென்றேன். மென்றுகொண்டே இருந்தேன். கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

“மெல்லக் கூடாதுய்யா. முய்ங்கணும்” என்றாள். முழுங்கினேன். சென்னைச் சோறு இரண்டு மணி நேரத்தில் காணாமல் போய்விடும். இது மறுநாள் காலை வரை கூடவே இருந்தது.

மறுநாள், புதன்கிழமை காலை மேஸ்திரியும் இன்னும் ஆறு பேரும் கடப்பாரையோடு வந்தார்கள். முதல் குழி முழங்கால் ஆழம் போனதும், எங்கிருந்தோ காவல் ஜமேதார் ஓடி வந்தார். ஆறடி உயரம், பாதி நரைத்த தாடி, வடக்கத்தியார். அவர் பேசிய இந்துஸ்தானியில் பாதிதான் எனக்குப் புரிந்தது. “நிறுத்து! இது தங்கபூமி. உத்தரவில்லாமல் தோண்டுவது குற்றம்.”

“மரம் நடக் குழி” என்றேன்.

“தங்கம் திருடுகிறவனும் குழி என்றுதான் சொல்வான்.”

ஆபீசுக்குப் போனோம். ஹெட் கிளார்க் கன்னடக்காரர், மெலிந்த மனிதர், மேஜை மேல் ஒரு தூசி இல்லை. நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். தடித்த புத்தகம் ஒன்றைத் திறந்தார்.

“அனுமதியில்லாமல் சுரங்கம் வெட்டக் கூடாது என்று இருக்கிறது.”

“நாங்கள் வெட்டுவது குழி, ஐயா.”

“குழிக்கும் சுரங்கத்துக்கும் என்ன வித்தியாசம்?”

“ஆழம்.”

அவர் பக்கங்களைப் புரட்டினார். “எத்தனை ஆழம் என்று இதில் சொல்லவில்லை. சொல்லாததால் எல்லா ஆழமும் சுரங்கம்தான்.” அனுமதி வேண்டுமானால் பெங்களூருக்கு எழுத வேண்டும், ஆறு மாதமாகும் என்றார். பிறகு வருத்தத்தோடு இன்னொன்றும் சொன்னார். சனிக்கிழமை துரை வந்து பார்ப்பார். அன்றைக்கு மரங்கள் நிற்காவிட்டால் அந்த இடம் சுரங்கத்துக்கான மரக்கட்டை டிப்போவுக்குப் போய்விடும். உத்தரவு தயாராக இருக்கிறது.

வெளியே வந்ததும் மேஸ்திரி படியில் உட்கார்ந்துவிட்டார். அன்று காலைதான் இரண்டாயிரம் அடி ஆழத்திலிருந்து கேஜ் கூண்டில் ஏறி வந்தவர் அவர். அந்த ஊரில் அவரைப் போலப் பல்லாயிரம் பேர் தோண்டித்தான் சாப்பிடுகிறார்கள். மூன்றடி தோண்ட மட்டும் அனுமதி இல்லை.

“டிப்போ வந்தா உங்களுக்குக் கட்டை கிட்டக்க கிடைக்குமே, மேஸ்திரி?” என்றேன், ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

அவர் என்னைப் பார்த்தார். “பதினெட்டு வருசமா கீய மரம் நட்டுக்கினு கீறன், ரைட்டரய்யா. எல்லாம் செத்த மரம். ஒண்ணாவது துளிர்க்கற மரமா நட்டுட்டுப் போவலாம்னு பார்த்தன்.”

கன்றுகளுக்குத் தண்ணீர் தெளித்து முனியம்மாள் கடை நிழலில் வரிசையாக வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை இலையில் களியைத் தட்டிக்கொண்டே முனியம்மாள் கேட்டாள்: “தோண்டத்தானே கூடாது? கொட்டலாமில்ல?”

மேஸ்திரி உருண்டையைக் கீழே வைத்தார்.

உள்ளே மண் கொண்டுவருவதற்கு அந்த ஊரில் தடையே இல்லை. வெளியே கொண்டுபோகத்தான் தடை. தங்கவயல் எல்லைக்கு அப்பால் ஏரி ஒன்று வற்றிக் கிடந்தது. அன்று பிற்பகல் ஷிஃப்ட் விட்டதும் ஆளுக்கொரு கூடை வண்டல் வந்தது. பக்கத்து ஆண்டர்சன்பேட்டையிலிருந்து கோயில் பாட்டுக்காரர்கள் ஒரு கூட்டமாக வந்தார்கள், பாடிக்கொண்டே சுமந்தார்கள். சுரங்கக் கம்பெனியின் கல்லையோ கட்டையையோ தொட்டால் வம்பு என்பதால் உடைந்த பானை ஓடுகளை அடுக்கிச் சுற்றுச்சுவர் வைத்து இடுப்பளவு மேடு கட்டினார்கள். கிணற்றைத் தலைகீழாகக் கவிழ்த்தாற்போல் இருந்தது.

முதல் மேடு முடிந்து, கன்றை நட மேட்டின் உச்சியில் கையை வைத்தேன். “நிறுத்து!” என்றார் ஜமேதார். “மேட்டில் குழி போட்டாலும் அது தோண்டுவதுதான்.”

“இது ஏரி மண், ஐயா. இதில் தங்கம் ஏது?”

“மண் எதுவானால் என்ன? இப்போது அது தங்கபூமி மேல் இருக்கிறது.”

மேட்டைக் கலைத்தோம். கன்றை முதலில் தரையில் நிறுத்தி, பிறகு சுற்றிலும் மண்ணைக் கொட்டுவது என்று முடிவாயிற்று. கன்று சாயாமல் யாராவது பிடிக்க வேண்டும். யாரும் திருட்டுத்தனமாகத் தோண்டவில்லை என்று கிட்டே இருந்து பார்க்கவும் வேண்டும். இரண்டு வேலைக்கும் ஜமேதாரே பொருத்தமான ஆள். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் இருபத்து நாலு கன்றுகளையும் ஒவ்வொன்றாகக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மண் அவர் முழங்கை வரை ஏறும். அப்புறம்தான் கையை உருவுவார்.

பதினோராவது கன்றான வேம்பின்போது திடீரென்று கேட்டார்: “வேர் கீழே போகுமே, அது தோண்டுவது ஆகாதா?”

எல்லோரும் கூடையோடு அப்படியே நின்றுவிட்டோம்.

“வேரு தோண்டனா அப்ப வந்து அந்த வேரப் புடிச்சிக்கினு போங்க” என்றாள் முனியம்மாள். ஜமேதார் குனிந்து கன்றின் அடியைப் பார்த்தார். பிறகு, “மண்ணைப் போடுங்கள்” என்றார். அது ரயிலில் பல்துலக்கிய பெரியவர் கிளையொடித்த அதே கன்று.

சனிக்கிழமை துரை குதிரையில் வந்தார். கூடவே ஹெட் கிளார்க் நடந்து வந்தார். துரை கதவைச் சுற்றிக்கொண்டு வந்து, வரிசையாக நின்ற மேடுகளைப் பார்த்து, இங்கிலீஷில், “இது என்ன இடுகாடா?” என்றார்.

ஹெட் கிளார்க் கூட்டத்தைப் பார்த்து, “ரொம்ப அழகாக இருக்கிறது என்கிறார்” என்று மொழிபெயர்த்தார். ஜனங்கள் கும்பிட்டார்கள்.

துரை கெட்டவரில்லை. ஒவ்வொரு மேடாகத் தட்டிப் பார்த்தார். ஒரு கன்றின் துளிரை விரலால் தொட்டுச் சிரிக்கவும் செய்தார். கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவர், காகிதத்தைப் படித்துவிட்டு நிறுத்தினார். எங்கள் தோட்டத்துக் காகிதத்தில் ஒரு வரி இருந்தது: பத்து வருஷம் பராமரிக்கப் பொறுப்பேற்பவர் பெயர். முதலாளிக்குத் தன் கன்றுகள் சாவது பிடிக்காது. அந்த வரியை நான் கவனித்ததே இல்லை. எல்லா ஊரிலும் யாராவது ஒரு ஜமீன்தார் கிறுக்கிவிட்டுப் போவார்.

“யார் பெயர்?” என்றார் துரை.

துரை வருகிற குளிர்காலத்தில் சீமைக்குத் திரும்புகிறார். ஹெட் கிளார்க்குக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றல். எல்லோரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவர் முன்னே வந்து நின்று, கட்டைவிரலை வேட்டியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே நின்றார்.

“முடியாது, துரை” என்றார் கடைசியில். “அடுத்த ஷிஃப்ட் எறங்கனா மேல வருவனான்னே எய்திக் குடுக்க முடியாது. பத்து வருசத்துக்கு எங்க போவேன்? பொய் எய்தி மரம் நட வோணாம்.”

ஹெட் கிளார்க் இதை மட்டும் ஒரு எழுத்து மாற்றாமல் மொழிபெயர்த்தார். துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். முந்தின மாதம்தான் அடியில் பாறை வெடித்து நாலு பேர் போயிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அதில் ஒருவர் மேஸ்திரி தூக்கும் முட்டுக்கட்டையின் மறுமுனையைத் தூக்கியவர்.

ஸ்டாம்பு மில் மட்டும் இடித்துக்கொண்டிருந்தது.

“ஒருத்தர் பேருன்னாத்தான கஷ்டம்?” என்றாள் முனியம்மாள். “எல்லார் பேரையும் எய்துங்க. யாராவது ஒருத்தர் மிஞ்சுவோமில்ல?”

துரை தலையசைத்தார். வரி ஒன்று, பெயர் ஒன்றுதான் என்றார். நான் முதலாளியின் முகத்தை நினைத்துக்கொண்டேன். அப்போது ஹெட் கிளார்க் தொண்டையைச் செருமினார். காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“ஒரு வரி என்றுதான் இருக்கிறது. எத்தனை நீளம் என்று இதில் சொல்லவில்லை.”

அடுத்த அரைமணி நேரத்தில் ஆபீசிலிருந்து காகிதக் கட்டு வந்தது. முனியம்மாள் களியைக் கரைத்துப் பசையாக்கினாள். காகிதத்தின் வலது ஓரத்தில் இன்னொரு காகிதம், அதன் ஓரத்தில் இன்னொன்று என்று ஒட்டிக்கொண்டே போனோம். நான் மண்டியிட்டு எழுதிக்கொண்டே நகர்ந்தேன். முதல் மரம், எத்திராஜ், அவர் இல்லாவிட்டால் லாசர், அவர் இல்லாவிட்டால் சின்னப்பையன், அவர் இல்லாவிட்டால் ரெட்டியம்மா என்று போயிற்று. முற்றுப்புள்ளி வைத்தால் வரி முடிந்துவிடும் என்று ஹெட் கிளார்க் என் பேனாவையே பார்த்துக்கொண்டு கூட வந்தார்.

நான் நின்றவர்களை வரிசைப்படி எழுதப் போனேன். முனியம்மாள் தடுத்தாள். “அப்டி இல்லைய்யா. கீய ஒரே ஆழத்துல, ஒரே லெவல்ல வேலை செய்யறவங்கள ஒரே மரத்துக்குப் போடாதீங்க. ஒரே ஷிஃப்ட்டுலயும் வோணாம்.”

ஏன் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அவளே ஒவ்வொருவரையும் தோளைப் பிடித்து இழுத்து மரத்துக்கு மரம் நிறுத்தினாள். அண்ணன் தம்பிகளைப் பிரித்தாள். அப்பனை இந்த மூலையிலும் மகனை அந்த மூலையிலும் வைத்தாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பதினோராவது வேம்புக்கு ஓர் ஆள் குறைந்தது. “ஜமேதாரப் போடுங்க. அவருதான் பூமிக்கு மேலயே கீறாரு” என்றாள்.

ஜமேதார் பதறினார். அடுத்த அறுவடைக்கு வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போகப் போகிறாராம். வீட்டில் நிலம் இருக்கிறதாம்.

“கடைசியாத்தான போடறோம்? உங்க மொறை வராது, போங்க” என்றாள்.

காகிதத்தை ஆறு பேர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். துரை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்து, கடைசியில் கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்பினேன். தங்கவயலை விட்டு வெளியே போகிறவர்களைச் சோதிப்பது வழக்கம். என் காலிக் கூடைகளில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டி எடுத்தார்கள். அது சென்னையிலிருந்து நான் கொண்டுவந்த மண் என்றேன். நிரூபிக்கச் சொன்னார்கள். பத்து விரல் நகங்களையும் ஈர்க்குச்சியால் குடைந்து, வந்த அழுக்கை ஒரு பொட்டலமாகக் கட்டி என் பெயரை எழுதி வைத்துக்கொண்டார்கள். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமான கையோடு நான் வீடு திரும்பியதில்லை.

சென்னையில் முதலாளி காகிதத்தை விரித்தார். அது மேஜையைத் தாண்டி, அறையைத் தாண்டி, வராந்தா வரை போயிற்று. கடைசியிலிருந்த கையெழுத்தைப் பார்க்க அவர் எழுந்து வெளியே நடக்க வேண்டியிருந்தது. திரும்பி வந்து அதைச் சுருட்டி அலமாரியில் வைத்தார்.

ஐந்து வருஷம் கழித்து வேறொரு ஊருக்குக் கன்று கொண்டுபோனவன், அந்த வழியாகத் திரும்பினேன். ராபர்ட்சன்பேட்டையில் நிழல் இருந்தது. மூன்று மரங்கள் பட்டுப்போய் மறுபடி வைத்திருந்தார்கள். மற்றவை மேட்டை உடைத்துக்கொண்டு நின்றன. முனியம்மாள் கடையில் சாப்பிட்டவர்கள் கை கழுவத் தங்கள் தங்கள் மரத்தைத் தேடிப் போனார்கள். வேறு எங்கேயும் கழுவ அவள் விடுவதில்லை. எத்திராஜ் மேஸ்திரிக்கு இடது கை விளங்காமல் போய், இப்போது மேலே, இறங்குகிறவர்களுக்கு லாந்தர் கொடுக்கிற வேலையில் இருந்தார். தன் புங்க மரத்துக்கு வலது கையால் தண்ணீர் ஊற்றுவதாகச் சொன்னார். சத்தமாகத்தான் சொன்னார்.

பதினோராவது வேம்படியில் ஜமேதார் குடத்தோடு நின்றார். தாடி முழுக்க வெளுத்திருந்தது. அவருக்கு முன்னால் நான் எழுதியிருந்தது ஏழு பேர். முனியம்மாள் அவ்வளவு பார்த்துப் பிரித்து வைத்தும் ஏழு பேரும் போய்விட்டார்கள். இரண்டு பேர் சுரங்கத்தில், மூன்று பேர் காய்ச்சலில், ஒருவர் சாராயத்தில். இன்னொருவர் மட்டும் ரங்கூனுக்கு.

“ஊருக்குப் போகவில்லையா?” என்று கேட்டேன்.

“எப்படிப் போவது? எனக்குப் பின்னால் பெயர் இல்லை” என்றார். “நல்ல ஆளாக ஒருவன் கிடைத்தால் எழுதிக் கொடுத்துவிட்டு நாளைக்கே கிளம்புவேன்.”

“ரெண்டு வருசமா ஆள் தேடிக்கினு கீறாரு” என்று கடையிலிருந்து முனியம்மாள் குரல் கொடுத்தாள். “இருபது பேர் வந்து நின்னாச்சி. ஒருத்தன் குடிக்கிறானாம், ஒருத்தன் ஆழமான லெவலாம், ஒருத்தன் தண்ணிய வேகமா ஊத்தறானாம். ஒருத்தனும் தேறல.”

என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

ஜமேதார் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். நியாயமாகவே யோசித்தார்.

“சென்னையிலிருந்து தினமும் எப்படி வருவாய்?” என்று கேட்டுவிட்டு, அடுத்த குடம் தண்ணீருக்குக் குழாயடியைப் பார்த்து நடந்தார்.